வைஃபை அட்டையைப் பத்திரமாகத் தூங்க வைப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

திருகோணமலை மாவட்டத்து வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பல ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன: வைஃபையின் மின் சேமிப்பை ஓன் பண்ணினால் இணைப்பு கெடுகிறது, ஓஃப் பண்ணினால் பற்றரி இறங்குகிறது. அவற்றை ஒன்றாகத் தொகுத்துப் பதில் தருகிறோம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம்; கணினியில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (உவர்மலை): என் லப்டொப்பில் உபுண்டு லினக்ஸ் போட்டிருக்கிறேன். பற்றரி சீக்கிரம் இறங்குகிறதே என்று, இணையத்தில் பார்த்த ‘பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஃபோர்ஸ்’ என்பதைப் பூட் வரியில் (கணினி தொடங்கும்போது படிக்கும் அமைப்பு வரி) சேர்த்தேன். பற்றரி கொஞ்சம் கூட நேரம் நின்றது உண்மை. ஆனால் இரண்டு நாளில் வைஃபை அட்டையே காணாமற்போனது. சில வேளை கணினி அப்படியே உறைந்துவிடுகிறது. சேமிப்பும் வேண்டும், இணைப்பும் வேண்டும். வழி உண்டா?

பதில்: உண்டு. முதல் வேலையாக அந்த வரியை எடுத்துவிடுங்கள். /இடிசி/டிஃபோல்ட்/கிரப் கோப்பில் அதை அழித்து, ‘சூடோ அப்டேட்-கிரப்’ ஓட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். ‘ஃபோர்ஸ்’ என்பது ‘பயோஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) வேண்டாம் என்று சொன்னாலும் பரவாயில்லை, போடு’ என்று கேர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு, இடும் உத்தரவு. அப்படிப் போட்டால் கணினி உறையலாம் என்று கேர்னலின் ஆவணமே எச்சரிக்கிறது.

உங்கள் அட்டை மூன்று மட்டத்தில் தூங்கக்கூடியது. மூன்றையும் பிரித்துப் பார்க்காததால்தான் இந்தச் சிக்கல்.

மேல் மட்டம் ரேடியோ. அட்டை ‘நான் தூங்கப் போகிறேன்’ என்று ரவுட்டருக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பிவிட்டு ரேடியோவை அணைக்கும். அதற்கு வரும் பொதிகளை ரவுட்டர் பிடித்து வைத்திருந்து, ‘உனக்குப் பொதி இருக்கிறது’ என்று பீக்கனில் (ரவுட்டர் ஒழுங்கான இடைவெளியில் அனுப்பும் அறிவிப்பு) குறிப்பிடும். அட்டை பீக்கனுக்கு மட்டும் கண் விழித்துப் பார்க்கும். இது 802.11 என்ற வைஃபை தரத்திலேயே உள்ள ஏற்பாடு. மூன்றில் இதுதான் ஆபத்துக் குறைந்தது.

நடு மட்டம் சிப்பின் உள்தூக்கம். ஃபேர்ம்வெயர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) சிப்பின் கடிகாரங்களை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் டிரைவர் (கணினியிலிருந்து அட்டையை இயக்கும் மென்பொருள்) போய்க் கதவைத் தட்டினால் பதில் வராது. முதலில் எழுப்ப வேண்டும்.

அடி மட்டம், அட்டையை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் தூக்கம். ஏஎஸ்பிஎம் என்பது இதுதான். எல்0எஸ், எல்1, அதற்குக் கீழே எல்1.1, எல்1.2 என்று ஆழம் கூடிக்கொண்டு போகும். எல்1.2இல் அட்டைக்குப் போகும் கடிகாரச் சமிக்ஞையே நிறுத்தப்படுகிறது. திரும்ப வேண்டுமென்றால் அட்டை ‘கிளாக் ரிக்குவெஸ்ட்’ என்ற ஒரேயொரு கம்பியை இழுத்துத்தான் கேட்க வேண்டும். மதர்போர்டில் அந்தக் கம்பி சரியாக இணைக்கப்படாமல் இருந்தாலோ, விழித்தெழ ஆகும் நேரத்தை அட்டை குறைத்துச் சொல்லியிருந்தாலோ, இணைப்பு திரும்பி வராது. நீங்கள் கண்ட ‘அட்டை காணாமற்போதல்’ பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கிறது. ‘ஆதரவு உண்டு’ என்று சிப் சொல்வது சிப்பைப் பற்றிய தகவல் மட்டுமே. உங்கள் போர்டில் அது ஓடுமா என்பதைச் சோதித்துத்தான் அறியலாம்.

இனிச் செய்ய வேண்டியது. ‘டிமெசேஜ்’ பதிவில் (கேர்னல் தன் நிகழ்வுகளை எழுதும் இடம்) ‘எஃப்ஏடிடி’, ‘ஏஎஸ்பிஎம்’ என்ற இரண்டு சொற்களும் ஒரே வரியில் வந்து, இந்தக் கணினி அதை ஆதரிக்கவில்லை என்று சொல்கிறதா பாருங்கள். சொன்னால், பயோஸைப் புதுப்பித்துப் பார்க்கலாம். பிறகும் அதே வரி வந்தால் அடி மட்டத்தை விட்டுவிடுங்கள். மேல் மட்டத் தூக்கத்தோடு திருப்திப்படுவது நல்லது.

அந்த வரி இல்லையென்றால், ‘எல்எஸ்பிசிஐ -கே’ அடித்து அட்டையின் எண்ணையும் டிரைவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். /சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ்/ என்பதன் கீழ் அந்த எண்ணுள்ள அடைவில் ‘லிங்க்’ என்று ஓர் உள்ளடைவு இருக்கும். அதற்குள் எல்1_ஏஎஸ்பிஎம், எல்1_1_ஏஎஸ்பிஎம், எல்1_2_ஏஎஸ்பிஎம் என்ற கோப்புகள். 1 எழுதினால் ஓன், 0 எழுதினால் ஓஃப். ‘பவர்சூப்பர்சேவ்’ என்ற பொதுக் கொள்கையைப் போட்டால் என்விஎம்இ டிஸ்க் உட்பட எல்லாச் சாதனத்துக்கும் சேர்த்துப் போட்டதாகிவிடும். எது கெட்டது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கோப்புகள் வைஃபை அட்டையை மட்டும் தொடும். எழுதியது ரீஸ்டார்ட்டோடு அழிந்தும் விடும். உறைந்தால் பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், பழைய நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

முதல் நாள் ‘ஐடபிள்யூ டெவ் வுலான்0 செட் பவர்_சேவ் ஓன்’ மட்டும் (உங்கள் அட்டைக்கு வுலான்0க்குப் பதில் வேறு பெயர் இருக்கலாம்). அடுத்த நாள் எல்1. அது ஒரு முழு நாள் தாங்கினால் எல்1.1, எல்1.2 கடைசி. ஒவ்வொரு படியிலும் மூன்று சோதனை செய்யுங்கள்: 10 நிமிடம் சும்மா விட்டுவிட்டு உடனே ஒரு பெரிய கோப்பைப் பதிவிறக்குங்கள், மூடியை மூடித் திறப்பதை 20 தடவை செய்யுங்கள், பிறகு டிமெசேஜைப் படியுங்கள். ஃபேர்ம்வெயர் கட்டளைக்குப் பதில் தரவில்லை, தூக்க நிலையை விட்டு வெளிவரவில்லை என்ற பொருளில் ஒரேயொரு வரி வந்தாலும் முந்தின படிக்குத் திரும்பிவிடுங்கள். இன்றைக்கு ஒரு வரி என்றால் நாளைக்கு அட்டை போய்விடும்.

தேறிய படியை நிரந்தரமாக்க, /இடிசி/டிஎம்பிஃபைல்ஸ்.டி/ அடைவில் ‘டபிள்யூ’ என்று தொடங்கும் ஒரு வரி போதும்; ஒவ்வொரு தொடக்கத்திலும் அந்தக் கோப்பில் 1 எழுதிவிடும். டிரைவரே தானாக ஏஎஸ்பிஎம் போட்டுத் தொல்லை தந்தால் /இடிசி/மோட்ப்ரோப்.டி/ அடைவில் தடுக்கலாம். ரியல்டெக் அட்டைகளின் டிரைவர்களில், ஆர்டிடபிள்யூ88_பிசிஐக்கு ‘டிசேபிள்_ஏஎஸ்பிஎம்=1’; ஆர்டிடபிள்யூ89_பிசிஐக்கு ‘டிசேபிள்_ஏஎஸ்பிஎம்_எல்1’, ‘டிசேபிள்_ஏஎஸ்பிஎம்_எல்1எஸ்எஸ்’ என்று இரண்டு தனித்தனியாக உண்டு. பின்னதை மட்டும் போட்டு, எல்1ஐ வைத்துக்கொண்டு எல்1.1, எல்1.2 இரண்டையும் கைவிடலாம். பல கணினிகளுக்கு அதுவே நல்ல சமரசம்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், லாபம் அட்டையோடு முடிவதில்லை. ஒரு பிசிஐ இணைப்பு விழித்தே இருந்தால் பல லப்டொப்களில் பிராசசரும் தன் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகாது. ‘பவர்டொப்’ ஓட்டி ‘பிகேஜி’ என்ற பத்தியில் ஆழ்ந்த சி-நிலைகளின் (பிராசசரின் தூக்க நிலைகள்) சதவீதம் 0இலிருந்து ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் எல்1 வேலை செய்கிறது.

ஒன்று கூட. கடற்காற்று படும் வீடுகளில் அட்டையின் தொடுமுனையில் உப்புப் பூக்கும். மென்பொருளைக் குறை சொல்ல முன்னர், பற்றரியைத் துண்டித்துவிட்டு அட்டையைக் கழற்றி, தங்க நிற விளிம்பை ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, காய்ந்த பிறகு திரும்பப் போடுங்கள்.

கேள்வி (கின்னியா, ஆசிரியர்): கணினி அறையில் மின் சேமிப்பு ஓன் செய்த ஒரு லப்டொப்புக்கு, கேபிளில் உள்ள இன்னொரு கணினியிலிருந்து பிங் (பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) அடித்தேன். 11, 35, 59, 83, 5, 29, 53, 77 மில்லிசெக்கன் என்று வருகிறது. அந்த லப்டொப்பிலிருந்து ரவுட்டருக்கு அடித்தால் 3 மில்லிசெக்கன்தான். அட்டை பழுதா?

பதில்: பழுது இல்லை. நன்றாகத் தூங்கி நேரத்துக்கு விழிக்கிற அட்டையின் நாடித்துடிப்பு இது. எண்களை இப்படி எழுதி அனுப்பியதற்கு நன்றி. மாணவர்களுக்குக் கரும்பலகையில் காட்டலாம்.

பீக்கன் 100 காலஅலகுக்கு ஒருமுறை வருகிறது. ஓர் அலகு 1.024 மில்லிசெக்கன், ஆக 102.4 மில்லிசெக்கன். நீங்கள் 1000 மில்லிசெக்கனுக்கு ஒரு பிங் அனுப்புகிறீர்கள். அதற்குள் 9 பீக்கன் இடைவெளி முழுதாகப் போக (921.6), மிச்சம் 78.4. அடுத்த பீக்கனுக்கு இது 24 குறைவு (102.4 − 78.4). ஆகவே ஒவ்வொரு பிங்கும் அடுத்த பீக்கனுக்காக முந்தினதைவிட 24 மில்லிசெக்கன் கூடக் காத்திருக்கிறது. 102ஐத் தாண்டும்போது சுற்று மறுபடி கீழே இறங்குகிறது. 83க்குப் பிறகு 107 வர வேண்டும், 102.4 கழிய, 5.

லப்டொப்பிலிருந்து அடிக்கும்போது தாமதம் தெரியாததற்குக் காரணம், அனுப்புவதற்காக அது ஏற்கெனவே விழித்துவிட்டது. லினக்ஸில் பல டிரைவர்கள் கடைசிப் பொதிக்குப் பிறகு 100 மில்லிசெக்கன் வரை விழித்திருக்கும். பதில் அதற்குள் வந்துவிடும். ஆகவே மின் சேமிப்பைச் சோதிப்பவர்கள் எப்போதும் வெளியிலிருந்து உள்ளே பிங் அடிக்க வேண்டும். தாமதம் 102க்கு மேல் ஏறி 200, 300 என்று போனால் அட்டை பீக்கன்களைத் தவறவிடுகிறது, அல்லது ஒன்றுவிட்டு ஒன்று கேட்கிறது. பிங் தொலைந்தே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

சுவரில் செருகி எப்போதும் ஓடும் கணினிக்கு இந்தத் தாமதம் வீண். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளையிடும் இணைப்பு) விக்கி விக்கி ஓடினால் சேமிப்பை ஓஃப் பண்ணுங்கள். நெட்வேர்க் மேனேஜர் அமைப்பில் ‘வைஃபை.பவர்சேவ்’ என்பதற்கு 2 என்றால் ஓஃப், 3 என்றால் ஓன். இலக்கம் தலைகீழாகத் தோன்றும், கவனம்.

கேள்வி (மூதூர்): விண்டோஸ் லப்டொப். தூங்கி எழுந்தால் வைஃபை இல்லை. ஷட் டவுன் செய்து போட்டாலும் வருவதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது.

பதில்: ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ ஓனில் இருந்தால் ஷட் டவுன் முழு அணைப்பு அல்ல, கேர்னலின் நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுபடி அப்படியே எடுக்கப்படுகிறது. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் அழுத்தினால் முழுதாக அணையும்.

டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் புரொப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், சேமிப்புக்காகச் சாதனத்தை அணைக்கக் கணினிக்கு அனுமதி தரும் சரிக்குறியை எடுத்துவிடுங்கள். அந்தப் பக்கமே இல்லையென்றால் உங்களுடையது ‘மொடர்ன் ஸ்டாண்ட்பை’ வகையாக இருக்கலாம். அப்போது லப்டொப் தயாரிப்பாளர் தரும் டிரைவரையும் பயோஸையும் புதுப்பிப்பதே வழி. பவர் பிளானில் வயர்லெஸ் அடாப்டர் அமைப்பு தெரிந்தால், பற்றரியில் நடுத்தரச் சேமிப்பு, பிளக்கில் முழுத்திறன் என்று வையுங்கள். அதிகபட்சச் சேமிப்பு வேண்டாம்.

கேள்வி (திருகோணமலை வளாக மாணவர்): இறுதியாண்டுச் செயற்திட்டமாக ஒரு பிசிஐ வைஃபை சிப்புக்கு லினக்ஸ் டிரைவரை விரிவாக்குகிறேன். இணைப்பு, வேகம் எல்லாம் சரி. இனி ஆழ்ந்த தூக்கத்தைச் சேர்க்க வேண்டும். எந்த ஒழுங்கில் தொடங்குவது?

பதில்: எழுப்புவதிலிருந்து தொடங்குங்கள். பலர் தூங்க வைக்கும் குறிமுறையை முதலில் எழுதி, எழுப்புவதைப் பிறகு ஒட்டுகிறார்கள். பிழைகள் எல்லாம் அந்த ஒட்டில்தான் பிறக்கின்றன.

சிப்பின் ரெஜிஸ்டரை (கட்டுப்பாட்டு நினைவிடம்) தொடும் ஒவ்வொரு பாதையும் ஒரே வாசலால் போக வேண்டும். அந்த வாசலில் ஒரு பூட்டும் ஓர் எண்ணியும் இருக்கட்டும்: முதலில் வருபவர் எழுப்புகிறார், கடைசியாகப் போகிறவர் தூங்க விடுகிறார். ரன்டைம் பிஎம் (ஓடும்போதே சாதனத்தைத் தூங்க வைக்கும் கேர்னல் ஏற்பாடு) பயன்படுத்தினால் ‘பிஎம்_ரன்டைம்_ரிசியூம்_அண்ட்_கெட்’ நல்லது. பழைய ‘கெட்_சிங்க்’ தோற்றாலும் எண்ணியை ஏற்றியே வைத்திருக்கும். அதை இறக்க மறந்தால் சிப் பிறகு ஒருபோதும் தூங்காது.

எழுப்பும் கைகுலுக்கலுக்கு ஒரு கால எல்லை வையுங்கள். கேட்டீர்கள், சிப் பதில் தரவில்லை. மூன்று முறை முயன்ற பிறகு பதிவில் ஒரு தெளிவான வரி எழுதிவிட்டு சிப்பை மறுபடி தொடக்கும் ‘ஐஇஇஇ80211_ரீஸ்டார்ட்_எச்டபிள்யூ’வை அழையுங்கள். முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் டிரைவர் முழுக் கணினியையும் கூட இழுத்துக்கொண்டு போகும். காத்திருக்கும் அந்தக் குறிமுறை உறங்கக்கூடியது என்பதால் ஸ்பின்லொக் (உறங்காமல் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) பிடித்தபடி அதை அழைக்கக் கூடாது. பூட்டுத் தவறுகளைப் பிடிக்கும் லொக்டெப்பை ஓன் செய்து ஓடினால் இந்தத் தவறு முதல் நாளே தெரிந்துவிடும்.

மிகக் கவனம் வேண்டிய இடம் இன்டரப்ட் (சாதனம் பிராசசரை அழைக்கும் சமிக்ஞை). பழைய பாணி இன்டரப்ட் கோட்டை வேறொரு சாதனமும் பகிர்ந்திருக்கலாம். அந்தச் சாதனம் அழைக்க, உங்கள் கையாளியும் ஓடும், சிப் தூங்கிக்கொண்டிருக்க. நிலை ரெஜிஸ்டரைப் படித்தால் 32 பிட்டும் 1 என்று வரும். அது தரவு அல்ல. அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை என்பதன் அடையாளம். சோதிக்காமல் விட்டால், எல்லா நிகழ்வும் ஒரே நேரத்தில் நடந்ததாக எண்ணி டிரைவர் வெற்று இடையகங்களை அள்ளப் போகும். எல்லாம் 1 என்றால் ‘என்னுடையது அல்ல’ என்று திருப்பிவிடுங்கள்.

அடுத்தது, எப்போது தூங்கக் கூடாது என்பது. இணைப்பும் சாவிப் பரிமாற்றமும் முடியும் முன்னர், ஸ்கான் நடக்கும்போது, அக்சஸ் பொயின்ட் முறையில், போக்குவரத்து கூடிய நேரத்தில் தூங்க விடாதீர்கள். கடைசியானதற்கு ஆர்டிடபிள்யூ88 டிரைவரைப் படித்துப் பாருங்கள்: 2 செக்கனுக்கு ஒருமுறை ஓடும் காவலன், அந்த இடைவெளியில் பொதி 50ஐத் தாண்டியதா என்று பார்த்து முடிவெடுக்கிறது. எளிமையான ஏற்பாடு, ஆனால் தூங்கி விழித்துத் தூங்கி விழிக்கும் தடுமாற்றத்தை நிறுத்திவிடுகிறது.

எழுப்புதல் நூறு முறை தேறிய பிறகுதான் ‘சப்போர்ட்ஸ்_பிஎஸ்’ கொடியை (மின் சேமிப்பு ஆதரவு உண்டு என்ற குறி) கேர்னலின் வைஃபை அடுக்குக்கு அறிவியுங்கள். அதுவும் ஃபேர்ம்வெயர் பதிப்பைப் பார்த்து. முதல் வெளியீட்டில் ஒரு மொட்யூல் அளவுருவுக்குப் பின்னால், ஓஃப் நிலையில் இருக்கட்டும். ஏதெரோஸ் அட்டைகளின் ஏடிஎச்9கே டிரைவரிலும் ‘பிஎஸ்_எனேபிள்’ 0ஆகத்தான் வருகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏதாவது ஒரு லப்டொப் வகையில் மட்டும் எல்1 கெட்டால், டிஎம்ஐ பெயரை (பயோஸ் சொல்லும் கணினி வகைப் பெயர்) கொண்டு அந்த வகைக்கு மட்டும் விலக்கு எழுதுங்கள். ஒன்றுக்காக எல்லோருடைய பற்றரியையும் தண்டிக்க வேண்டாம்.

சோதனைக்கு, குறித்த நேரத்தில் கணினியை எழுப்பும் ‘ஆர்டிசிவேக்’ கொண்டு 20 செக்கன் தூக்கத்தை 100 தடவை சுழற்றுங்கள். இடையிடையே வேகம் அளக்கும் ‘ஐபெர்ஃப்3’ 30 செக்கன், பிறகு 5 நிமிடம் மௌனம், பிறகு மறுபடி 30 செக்கன். மௌனத்துக்குப் பிறகு வரும் முதல் 2 செக்கனில்தான் பிழைகள் வெளிவரும்.

கேள்வி (நிலாவெளி): விருந்தினர் இல்லம் நடத்துகிறோம். வைஃபை பிரிண்டர் இரவில் சரி. காலையில் எந்தக் கணினியிலும் தெரியாது. பிரிண்டரில் ஒரு பட்டனை அழுத்தினால் வந்துவிடும்.

பதில்: ‘பிரிண்டர் எங்கே?’ என்று கணினி கேட்பது எல்லோருக்குமான அழைப்பாகப் போகிறது. தூங்கும் சாதனங்கள் உள்ள வலையில் ரவுட்டர் அந்த அழைப்புகளை டிடிஐஎம் என்ற குறிப்பிட்ட பீக்கனுக்குப் பிறகு மட்டுமே அனுப்பும். பிரிண்டர் அந்தப் பீக்கனைத் தவறவிட்டால் அழைப்பும் போய்விடும். ரவுட்டரில் டிடிஐஎம்மை 1 ஆக்குங்கள் (ஒவ்வொரு பீக்கனும் டிடிஐஎம் ஆகிவிடும்), பீக்கன் இடைவெளி 100ஆகவே இருக்கட்டும், பிரிண்டருக்கு மாறாத ஐபி முகவரி ஒதுக்கி, கணினிகளில் அந்த முகவரியாலேயே சேருங்கள். பிரிண்டர் பிளக்கில் இருப்பதால் அதன் வைஃபைச் சேமிப்பை ஓஃப் பண்ணிவிடலாம்.

கேள்வி (தம்பலகாமம்): வயல் வாய்க்காலின் நீர்மட்டத்தை 15 நிமிடத்துக்கு ஒருமுறை வீட்டு ரவுட்டருக்கு அனுப்ப ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுச் சிப்) போர்ட் வைத்திருக்கிறோம். 2500 எம்ஏஎச் 18650 பற்றரி ஒன்றரை நாள்கூட நிற்கவில்லை. ‘மெக்ஸ் மொடெம்’ சேமிப்பும் போட்டுப் பார்த்தாயிற்று.

பதில்: மொடெம் தூக்கத்தில் ரேடியோ மட்டும் ஓய்கிறது. பிராசசர் விழித்திருக்கிறது; அதற்கே வேகத்தைப் பொறுத்து 20 முதல் 68 மில்லிஅம்பியர் போகும். 15 நிமிடத்துக்கு ஒரு எண் அனுப்பும் வேலைக்கு பிராசசரையும் அணைக்கும் டீப் ஸ்லீப்தான் பொருத்தம்: சிப்புக்கு 10 மைக்ரோஅம்பியர் போதும்.

கணக்குப் பாருங்கள். விழித்து, இணைந்து, அனுப்ப 5 செக்கன், சராசரி 100 மில்லிஅம்பியர் என்று வைத்தால், 900 செக்கனுக்குப் பரப்பினால் 0.56 மில்லிஅம்பியர். ஆனால் போர்டில் ஏஎம்எஸ்1117 ரெகுலேற்றர் (மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிப்) இருந்தால் அது சும்மா இருக்கவே 5 மில்லிஅம்பியர் அளவு குடிக்கும், சிவப்பு எல்இடி வேறு. அப்படியே விட்டால் 17 நாள் அளவில் பற்றரி முடியும். ரெகுலேற்றரை ஏபி2112 (600 மில்லிஅம்பியர் தரும், தான் எடுப்பது சுமார் 55 மைக்ரோஅம்பியர்) ஆக மாற்றி, எல்இடியைக் கழற்றினால் காகிதக் கணக்கில் 5 மாதம் தாண்டும். பற்றரியின் தானிறக்கத்தையும் வெயிலையும் கழித்து 3 மாதம் எதிர்பாருங்கள்.

5 செக்கனையும் குறைக்கலாம். நிலையான ஐபி கொடுங்கள். ரவுட்டரின் சேனல் எண்ணையும் பிஎஸ்எஸ்ஐடியையும் (அதன் வைஃபை முகவரி) தூக்கத்திலும் அழியாத ஆர்டிசி நினைவகத்தில் வைத்து அடுத்த முறை நேரே இணையுங்கள். 10 செக்கனில் இணையாவிட்டால் விட்டுவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள். இந்த எல்லை இல்லாவிட்டால், வீட்டில் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்திருக்கும் ஓர் இரவே பற்றரியைக் காலியாக்கிவிடும். அனுப்பும் கணத்தில் 240 மில்லிஅம்பியர் வரை இழுக்கும், 3.3 வோல்ட் முனைக்கு ஒட்டியே 470 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர் ஒன்று வையுங்கள். பற்றரி இறங்கும்போது போர்ட் திரும்பத் திரும்ப ரீசெட் ஆவது அதனால் குறையும்.